படத்தில் இருப்பது என் வீடு அல்ல

கடிதம் மூன்று பக்கம்.
மூன்றாவதில்தான் தொகை.
சாவுச் செய்தி சொல்ல வந்தவன்
தொண்டையைச் செருமிக்கொள்வது போல
முதலிரண்டும்.

புயலுக்கு முந்தின நாள்
என் வீட்டின் மதிப்பு ஐம்பத்தெட்டாயிரம் டாலர்.
திரும்பக் கட்ட
ஒரு லட்சத்து நாற்பத்து மூவாயிரம்.
இரண்டில் எது குறைவோ அதுதான் மானியம்.
அதிலும் காப்பீட்டுக்காரன் கொடுத்த
முப்பத்தோராயிரம் போக
கைக்கு வருவது இருபத்தேழு.

கூரைக்கே காணாதே என்றேன் தொலைபேசியில்.
"மேடம், சூத்திரம் அப்படி" என்றது குரல்.

இருபத்திரண்டு வருஷம்
நியூ ஆர்லியன்ஸில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான்.
கால்வாய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
எந்த வாசலில் எந்தப் பிள்ளை
ஷூ லேஸ் கட்டாமல் நிற்கும் என்று தெரியும்.
ஏரிக்கரைத் தெருவில்
என் வீட்டின் இரட்டைப் பிறவி ஒன்று உண்டு.
கட்டியவன் ஒருவனே.
அதே மூன்று படி,
அதே கோணலான சமையலறை ஜன்னல்.
தண்ணீரும் அதே உயரத்துக்குத்தான் நின்றது,
சுவிட்சுக்கு ஒரு சாண் மேலே.
அதற்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம்
போட்டிருக்கிறார்கள்.

ஆணி வாங்கப் போனால்
எந்தத் தெருவுக்கு என்று கேட்டுக்கொண்டா
விலை சொல்கிறான்?
தன்னை அறையப்போவது
கறுப்பர் சுவரிலா வெள்ளையர் சுவரிலா என்று
பலகைக்குத் தெரியுமா?

மேல்முறையீட்டு அலுவலகம்
மூடிப்போன துணிக்கடை ஒன்றில்.
உடை மாற்றும் அறைகளில் கோப்புகள்.
என் டோக்கன் நூற்றுப் பன்னிரண்டு.
மேசைக்குப் பின்னால் மிஸ் ப்ரூவெட்,
கொலராடோவிலிருந்து வந்த பெண், ஓயாத சளி.
"நேரில் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள்,
படம்கூட இருக்கிறது" என்று
கோப்பை என் பக்கம் திருப்பினாள்.

கார் ஜன்னல் வழியாக எடுத்த படம்.
ஓரத்தில் கண்ணாடியின் கறுப்பு விளிம்பு.
நீலத் தாழ்வாரம்.
ஒரு காலுக்குச் செங்கல் வைத்த இரும்பு நாற்காலி.
கதவில் மீட்புப் படை பெயிண்டில் அடித்த பெருக்கல் குறி,
அதன் கீழ்ப் பகுதியில்
ஒன்று.

"இது என் வீடு இல்லை, அம்மா.
என்னுடையது இருபத்து நாலு பதினேழு.
இது பத்தொன்பது. ஆஸ்வெல் ஃபாப்ரே வீடு."

"அவர் மனு போட்டிருக்கிறாரா?"

அந்த ஒன்று
அவர்தான் என்றேன்.

தட்டச்சு நின்றது.
மூக்கைத் துடைத்துக்கொண்டாள், சளிக்காகவோ என்னவோ.
பிறகு, தவறான ஆவணம், கிழித்துவிடுவோம் என்றாள்.
கிழிக்காதே என்றேன்.
கேமராவைக் கண்டாலே
கோழிக் கூண்டுக்குப் பின்னால் ஒளிகிற மனிதர்.
அவருக்கும் அந்த நாற்காலிக்கும்
வேறு படம் இந்த உலகத்தில் இல்லை.
விதியில் இடமில்லை என்றாள்.
சொல்லிவிட்டு, ஏதோ எடுக்கப்போவது போல
உடை மாற்றும் அறைக்குள் போனாள்.
வெகு நேரம் வரவில்லை.
என் பையின் ஜிப் பழுது;
நிதானமாகத்தான் மூட வேண்டியிருந்தது.

ஆறு வாரம் கழித்து வந்தது திருத்திய மதிப்பு:
அறுபத்தோராயிரத்து ஐந்நூறு.
ஆக, ஆஸ்வெல் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே
அவர்கள் கணக்கில் மூவாயிரத்து ஐந்நூறு.
எங்கள் கணக்கில்
வேலியில் ஒரு ஓட்டை இருந்தது.
அதன் வழியே ஏணி போகும், வெண்டைக்காய் வரும்.

இரண்டாம் மேல்முறையீட்டுப் படிவத்தில்
"ஆட்சேபத்துக்கான காரணம்" என்று
நான்கு கோடு விட்டிருக்கிறார்கள்.
முதல் கோட்டில் எழுதினேன்:

ஆணி, மூன்று அங்குலம்,
பவுண்டு இரண்டு டாலர் நாற்பது சென்ட்.
ரசீது இணைத்துள்ளேன்.