மீதி ஒன்று

வில்னிஸின் கேமராவில் தேதி செத்துக் கிடக்கிறது.
உள்ளே காசளவு ஒரு பேட்டரி.
மாற்று, மாற்று என்று மார்ச்சிலிருந்து சொல்கிறேன்.
எந்தப் படத்தைத் திறந்தாலும்
இரண்டாயிரமாம் ஆண்டு ஜனவரி ஒன்று.
பெயரும் உதவாது:
கார்டு மாறியதும் எண் மறுபடி ஒன்றில் தொடங்கியிருக்கிறது,
ஒரே பெயரில் இரண்டு சமையலறைகள்.

ரீகாவில் நவம்பர். மூன்றரைக்கே இருட்டு.
விற்பனைக்கு வந்த ஒன்பது வீடுகள்,
ஆயிரத்து நூற்று முப்பத்தெட்டுக் கோப்புகள்.
நாளைக் காலைக்குள் பிரித்து அடுக்க வேண்டும்.
வெளிச்சம் ஒன்றுதான் துப்பு.

அவன் ஒழுங்கானவன்.
முக்காலியை நிறுத்தி, ஒவ்வோர் இடத்திலும் மூன்று எடுப்பான்:
அரைக்கால் நொடி, அரை நொடி, இரண்டு நொடி.
முதலாவதில் ஜன்னலுக்கு வெளியே பிர்ச் மரம் தெரியும், அறை கரி.
மூன்றாவதில் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் செருப்புகூடத் தெரியும்,
ஜன்னல் வெறும் வெள்ளைத் தாள்.
மூன்றையும் மென்பொருள் ஒட்டும்.
வாங்க வருகிறவர் கண்ணால் ஒருபோதும் காணாத வீடு
விளம்பரத்தில் வந்துவிடும்.

ஷட்டர் வாரியாக மூன்று ஃபோல்டர் போட்டேன்.
ஒரு மணி நேரம் வீண்.
கூடத்தில் நடுவே நிற்கிற அதே அரை நொடி
குளியலறையில் இருட்டு என்று பெயர் வாங்குகிறது.
அங்கே வரிசை அரை, இரண்டு, எட்டு.
கலைத்துவிட்டு,
முன்னதைப்போல் நாலு மடங்கு எது எது என்று
பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கோத்தேன்.

பொல்தெராயா வீட்டில் ஒரு பச்சை ஸ்வெட்டர்.
வீட்டுக்காரி ஸ்கைத்ரீதே.
படத்தில் விழக் கூடாது என்று அவளிடம் சொல்லியிருப்பான்.
ஆள் இருந்தால் வீடு விற்காது, அவன் வேதம் அது.
கூடத்தை எடுக்கும்போது கதவோரம் ஒரு முழங்கை.
படுக்கையறைக் கண்ணாடியில் பாதி முதுகு.
குளியலறையின் எட்டு நொடியில்
வாசலைக் கடக்கும் பச்சைப் புகை.
மென்பொருளுக்கு இதற்கும் ஒரு பொத்தான் உண்டு.
அழுத்தினேன். முழங்கை போயிற்று. புகை போயிற்று.

முந்நூற்று எழுபத்தொன்பது மும்மைகள்.
மீதி ஒன்று.

ஐஎஸ்ஓ ஆறாயிரத்து நானூறு.
இவன் நூறைத் தாண்டிப் பார்த்ததில்லை.
அபெர்ச்சர் இரண்டு புள்ளி எட்டு. எட்டிலேயே உறைந்து கிடப்பது அது.
ஷட்டர் பதினைந்தில் ஒன்று, மாகாணிக்கு ஒரு மயிரிழை கூட.
எந்த வரிசையிலும் ஒட்டாத எண்.
திறந்தேன்.
விளக்கு அணைந்த நடைவழி.
ஷூ வைக்கும் பலகைமேல் பச்சை ஸ்வெட்டர்,
தலை பின்னால் சாய்ந்து, வாய் முழுக்கச் சிரிப்பு.
கை நடுங்கிய படம்.
கூர்மையாக இருப்பது கோட் மாட்டும் கொக்கி மட்டும்.

போன் போட்டேன்.
"ஒரு கோப்பு கூடுதலாக இருக்கிறது."
"அழி, ஜின்ட்ரா. கை பட்டிருக்கும்."
கை பட்டால் ஒரு சக்கரம் சுழலும்.
இங்கே மூன்று சுழன்றிருக்கின்றன.
முக்காலியிலிருந்து கழற்றியும் இருக்கிறான்.
அந்த இருட்டில், ஒவ்வொன்றாக, தடவித் தடவி.
"சரி" என்றேன்.

விடியற்காலை நாலே காலுக்கு ஒன்பது வீடுகளும் போய்ச் சேர்ந்தன,
பளிச்சென்று, ஆளில்லாமல்.

மதியம் வந்தான்.
பூட்ஸின் பனியைத் தட்டிக்கொண்டே,
என்னைப் பார்க்காமல்,
"அழித்துவிட்டாயா, அந்த நடைவழிப் படத்தை?"

நான் போனில் கோப்பு என்றுதான் சொன்னேன்.