மூன்றாம் சாட்சி

போர் முடிந்து பதினோராம் வருஷம்.
குன்னூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில்
பத்தொன்பது வயது எனக்கு,
அறுபத்திரண்டு ரூபாய் சம்பளம்,
எக்ஸ் எழுத்து தேய்ந்துபோன ஒரு டைப்ரைட்டர்.

புகார்தாரர், அருவங்காடு வெடிமருந்து ஆலை ஃபிட்டர் சிங்காரவேலு.
எதிரி, வெலிங்டன் லாரி டிரைவர் எபனேசர்,
இடது காதைப் பர்மாவில் விட்டுவிட்டு வந்தவர்.
பிரிவு நானூற்றுத் தொண்ணூற்றேழு.
காந்திமதி எதிரியும் இல்லை, புகார்தாரரும் இல்லை.
சைக்கிள் களவுபோன வழக்கில்
சைக்கிளையும் ஒருநாள் கொண்டுவந்து நிறுத்துவார்கள்,
இதுதானா என்று கேட்க.
அப்படி நின்றாள்.
காலில் செருப்பில்லை. புடவை ஓரமெல்லாம் மலைச் சேறு.

அவள் தமிழில் சொல்வாள்,
குமாஸ்தா ஆங்கிலமாக்குவார்,
நான் அடிப்பேன்.
அந்தப் பாஷைக்குள் போனதும்
அழைத்துச் செல்லப்பட்டாள், தங்கவைக்கப்பட்டாள்,
மீட்கப்பட்டாள்.

"இவர் உன்னைக் கூப்பிட்டாரா?"

"கூப்பிடலை. நான்தான் போய்க் கதவைத் தட்டினேன்.
ஒரு காது கேக்காதே அவருக்கு.
ரெண்டாந்தரம் பலமாத் தட்டினேன்."

மதியச் சங்கு ஊதி ஓயும்வரை
யாரும் ஒன்றும் பேசவில்லை.
செய்வினை என்ற சொல்லுக்கு
இலக்கணத்தில் ஓர் அர்த்தம், ஊரில் ஓர் அர்த்தம்.
அன்று கோர்ட்டே ஊர் அர்த்தத்தில்தான் பயந்தது.

"கேட்டதுக்கு மட்டும் பதில். மிச்சத்தை எடுத்துவிடுங்கள்."

எடுக்க எனக்குத் தெரியும்.
வண்டியைப் பின்னுக்குத் தள்ளி
அவள் வாக்கியத்தின் மேல்
நாற்பத்தொரு பெருக்கல் குறி அடித்தேன்.
எண்ணிக்கொண்டே அடித்தேன்.

எபனேசருக்கு ஆறு மாதம், கோயமுத்தூர் ஜெயில்.
காந்திமதியை ஒரே ஒரு தடவை
லோயர் பஜாரில் பார்த்தேன், முட்டைக்கோஸ் கடையில்.
அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை,
விரல்களைப் பார்த்தாள்.

பிறகு நான் பெட்ஃபோர்டுக்குக் குடிபோனேன்.
லாலி ஆஸ்பத்திரி நர்ஸ் தபித்தாளும் நானும்.
ரேஷன் கார்டில் அவள் என் தங்கை.
என் அப்பா வைத்திலிங்கம், அவள் அப்பா ஞானமுத்து.
எண்பத்தாறில் சரிபார்க்க வந்த இன்ஸ்பெக்டர்
இரண்டு பெயரையும் படித்தார்,
எங்கள் இருவரையும் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார்,
வர்க்கியை டீயில் நனைத்துத் தின்றுவிட்டுக்
கையெழுத்துப் போட்டார்.
அந்த ஆளை நான் இன்னும் நினைப்பதுண்டு.

இரண்டாயிரத்துப் பதினெட்டு, செப்டம்பர்.
ஆறாம் தேதி ஓர் எண் போயிற்று,
எங்கள் மேல் எவரும் போடாமலேயே
எங்கள் வீட்டில் குடியிருந்த எண்.
தபித்தாள் டி.வி.யைப் பார்த்தாள்,
"பாலை இறக்கினியா?" என்றாள்.
இருபத்தேழாம் தேதி இன்னொன்று.
"உன் நம்பர்தானே அது, நீ அடிச்சது?"
அவள் காதருகே குனிந்து ஆமாம் என்று கத்தினேன்.
"அந்தப் பொம்பளைக்கு இதை யார் போய்ச் சொல்றது?"

டிரங்குப் பெட்டியின் அடியில்
அந்த நாள் கார்பன் தாள் இருக்கிறது.
திருடியதுதான்.
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து இடவலமாகத் தெரியும்.
எக்ஸ் தேய்ந்திருந்தது அல்லவா,
தட்டினேன் என்பது முழுசாக மறையவில்லை.
நான் அன்று மெதுவாக அடித்தேனா என்றும்
யோசித்துப் பார்க்கிறேன்.
இல்லை. நன்றாகத்தான் அடித்தேன்.

அன்று மாலை, மழை.
எதிர்வீட்டு ஹோம்ஸ்டேக்காரர்
ஒரு பையனையும் பெண்ணையும்
கல்யாணப் பத்திரம் கேட்டு வாசலிலேயே நிறுத்திவைத்திருந்தார்.
சட்டமெல்லாம் டெல்லியில் தம்பி,
இது குடும்பம் தங்குற இடம் என்றார்.
அவர்களால் பாதையில் இறங்கவும் முடியவில்லை,
எங்கள் கேட்டை அடைத்தபடி ஒரு காட்டெருமை
நனைந்துகொண்டு நின்றது.

எட்டரைக்குக் கதவு தட்டப்பட்டது.
இல்லை, தட்டினார்கள்.
தபித்தாளுக்குக் கேட்கவில்லை,
எனக்கு எழுந்திருக்க நேரமாயிற்று.
ரெண்டாந்தரம் பலமாக.

எருமை நகர்ந்திருக்க வேண்டும்.