பாதி ரொட்டி

பத்தாங் பெர்ஜுந்தை.
செம்பனை லாரிகள் திரும்பும் முனையில்
கோமளவல்லியின் ஒட்டுக்கடை.
டர்பனிலிருந்து வந்த மூட்லி,
முதலிதான், கப்பலில் நசுங்கிய பெயர்,
"பன்னி சோ" கேட்டான்.

"பன்னிச் சோறா?
மெதுவாப் பேசு தம்பி,
மலாய்க்காரங்களும் சாப்பிடுற எடம்."

தமிழ் வராது அவனுக்கு.
பில்லின் பின்னால் வரைந்தான்:
பாதி ரொட்டி, நடுவே கிணறு,
கிணறு தளும்பக் கறி.

ரொட்டிக்காரன் மோட்டாரை மறித்து
பெங்காலி ரொட்டி வாங்கினாள்.
குடைந்தாள்.
காலையில் வைத்த ஆட்டுக்கறியைச் சுடவைத்து ஊற்றினாள்.

சுவரைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றவன்
மூக்கைத் துடைத்துக்கொண்டு
ஒரே சொல் சொன்னான்: "காரம்."
புகாரா, புகழா, தெரியவில்லை.

தோண்டிய சதையைக் குழம்பில் தோய்த்து
நின்றபடியே தின்றாள் அவள்.

மறுநாள் பலகையில் சாக்கட்டி எழுத்து:
டர்பன் ரொட்டி, எட்டு வெள்ளி.
கீழே, கொஞ்சம் பெரிதாக:
பன்னி இல்லை.