ரசீது இல்லாத எழுநூற்று நாற்பது

கணக்குப் பிரிவுக்கு வணக்கம்.
இத்துடன் இருபத்திமூன்று ரசீதுகள்.
இருபத்திநாலாவது இல்லை;
விளக்கம் கேட்டிருந்தீர்கள்.
படிவத்தில் 'பிற' என்ற கட்டம்
என் கட்டைவிரல் அகலம்கூட வராது,
அதனால் தனித்தாள்.

ஒன்பது நாடுகளிலிருந்து பதினோரு பேர்.
விழா நடத்துகிறவர்கள், அரங்கைத் திறந்து பூட்டுகிறவர்கள்,
கைதட்டல் கேட்கும் நேரத்தில்
பின்கட்டில் டீக்கணக்கு பார்க்கிறவர்கள்.
உங்கள் உதவித்தொகையில்
தக்கலையில் மூன்று வாரம்.

முதல் நாள் வருகைப் பதிவு.
ஜார்ஜியாக்காரியின் பெயர் நானா.
"நானா" என்று கூப்பிட்டேன்.
நாற்காலி இறக்கிக்கொண்டிருந்த பீர்க்கண்ணு
தலை நிமிர்ந்து
"பின்ன, நானா?" என்றார்.
காலை அமர்வில் பாதி
அதை விளக்குவதில் போயிற்று.

மலாவியின் சிகொண்டி
பீர்க்கண்ணுவிடமிருந்து குறிப்பெடுத்தது இது:
நூற்றிருபது நாற்காலி கொண்டு வா, எண்பது போடு.
மிச்சம் வண்டியிலேயே கிடக்கட்டும்.
ஆள் வந்தால் இறக்கு.
வராவிட்டால் வண்டிக்குள் என்ன இருந்தது என்று
யாருக்குத் தெரியும்?
உங்கள் கையேட்டின் நாலாம் அத்தியாயம்
இதையே முப்பது பக்கத்தில் சொல்கிறது.

ரசீது பதினேழு, ஜெனரேட்டர்.
அது வரவில்லை. மழை.
வராததற்கும் வாடகை உண்டாம்.
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்
'இடர் மேலாண்மை' பாடம் நடந்தது,
படம் எதுவும் தேவைப்படவில்லை.

அந்த இரவுதான்.
அவரவர் விழாவின் வரவுசெலவை வாசிக்கவேண்டும்.
பொலிவியாவின் வில்மா முறை.
நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு போரில்
அவள் நாட்டுக் கரை போய்விட்டது.
ஆனாலும் ஒவ்வொரு மார்ச்சிலும் கடலுக்கு ஒரு நாள்.
மலை உச்சி ஊரில், பிள்ளைகள் ஊர்வலத்துக்கு
பதினோரு வருஷமாகக் கடல் செய்கிறாள்.
நீலத்துணி நூற்றறுபது மீட்டர்.
இரு பக்கமும் பிடித்து ஆட்ட இருபது பேர்.
தலைப்பு: அலைக்கூலி.
மழைக்கு நனைந்தால் துணிக்குக் காப்பீடு.
பைசா பிசகாமல் வாசித்தாள்.

யாரோ கேட்டார்கள்,
நீ பார்த்திருக்கிறாயா?
விமானத்திலிருந்து, என்றாள்.
மேகமாயிருந்தது.

பன்னிரண்டு நாளாக எங்கள் கூடத்துக்கு
அரை மணி நேரத் தூரத்தில் முட்டம்.
கால அட்டவணை போட்டது நான்.
பண்டகசாலைப் பார்வை இருந்தது அதில்.
வங்கி மேலாளர் உரை இருந்தது.

தாசையனின் ஆட்டோவில் நாலு பேர் நெருக்கினோம்,
சிகொண்டியின் கால் பாதி வெளியே.
திங்கள்சந்தையில் டயர் பஞ்சர்.
போய்ச் சேர மணி பதினொன்று.
கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம்
பாறையைத் தொட்டுத் தொட்டுப் போனது.
மழை விட்டிருந்தது.

அழுவாளென்று நினைத்தேன், கைக்குட்டை எடுத்து வைத்திருந்தேன்.
அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.
ஒரு அலை, இன்னொரு அலை, நடுவில் எத்தனை நொடி,
உதடு அசைய எண்ணினாள்.
திரும்பவும் எண்ணினாள்.
வெகுநேரம் கழித்து
எங்களிடமில்லை, பொதுவாகச் சொன்னாள்:
"நாங்கள் துணியை
ரொம்ப அவசரமாக ஆட்டிவிட்டோம்."

திரும்பும் வழியில் புது வரவுசெலவு.
ஆள் எட்டுப் பேர் குறைக்கலாமாம்,
அதிக நேரம் நிற்கத் தெரிந்தவர்களாக.

தாசையனிடம் ரசீது கேட்டேன்.
"கடலுக்கா மக்கா?" என்றார்.
காத்திருந்த நேரத்துக்கும் பஞ்சருக்கும் சேர்த்து
எழுநூற்று நாற்பது.

ஏற்க முடியாவிட்டால்
என் ஊதியத்தில் பிடித்துக்கொள்ளவும்.
அடுத்த ஆண்டு அட்டவணையில் மட்டும்
பன்னிரண்டாம் நாளை முதல் நாளாக்கியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ச. பிரிஸ்கில்லா,
உள்ளூர் ஒருங்கிணைப்பாளர்.

பி.கு.: ரசீது பதினேழில் தேதி தவறு.
ஜெனரேட்டர்காரர் வேறு எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.
இன்னும் வரவில்லை.