எட்டும் பதினான்கும்

கண்ணாடித் துண்டில் இருக்கிறான்
வாழவந்தியின் திவித். ஏழு வயது. இடது தாடை வீக்கம்.
ஏற்காட்டில் பல்வலி என்று
கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியிருக்கிறார்கள்.
பல்மேல் குற்றமில்லை.

பிரியப் போன செல்களை நடுவழியில் நிறுத்தினேன்.
செங்காந்தள் கிழங்கின் விஷம்தான்,
புட்டியில் வேறு பெயர்.
போட்டோவுக்கு நிற்பதுபோல் நின்றன.

குரோமோசோம்களை ஜோடி ஜோடியாக அடுக்குகிறேன்.
ஏழு வரை ஒழுங்கு.
எட்டில் ஒன்று குட்டை.
பதினான்கில் ஒன்றுக்கு வால் நீளம்.

மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி, ஒவ்வொன்றுக்கும் எண்.
இறங்கும் பஸ்ஸில்
பதினாலில் வாந்தி எடுத்தான், எட்டில் தூங்கிட்டான் என்று
அவன் அம்மா வெண்ணிலா சொல்லியிருந்தாள், நான் கேட்காமலே.
அப்போது அவை வெறும் எண்கள்.

பதினான்கில் ஓர் இடம் உண்டு,
செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறை மாதிரி
ராத்திரியும் விளக்கு அணையாது.
எதிர்ப்புப் புரதத்தின் மரபணு.
தன்னையே வெட்டும், ஒட்டும், மறுபடி வெட்டும்,
வந்த கிருமிக்கு வந்த அளவில் பூட்டு அடிக்கும்.
வெட்டாமல் காவல் இல்லை.

ஏதோ ஒரு நாள்
வெட்டின நுனிக்குத் தன் நுனி கிடைக்கவில்லை.
எட்டிலிருந்து அறுந்த துண்டு வந்து ஒட்டிக்கொண்டது.
அதற்குத் தெரிந்த சொல் ஒன்றே: பிரி.
சொல்லிவிட்டு வாயை மூடவேண்டிய சொல்.
அணையாத விளக்கின் கீழ்
எப்படி மூடும்?

வைரஸும் இருக்கிறது.
எச்சிலில் வருவது; முத்தத்தில், ஒரே டம்ளரில்.
மென்று ஊட்டினாயா என்று
ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் கேட்டாராம்.
வெண்ணிலா மூன்று நாளாகப் பிள்ளையைத் தொடாமல் தூக்குகிறாள்,
துண்டால் சுற்றி.

அவரிடமும் இருக்கிறது அது. என்னிடமும்.
சேலம் ஜங்ஷனில் இறங்கி ஏறும் அத்தனை பேரிடமும், அநேகமாக,
ஒரு செல்லின் மூலையில் சாகும்வரை படுத்திருக்கும்.
ரிப்போர்ட்டில் இதை எழுதக் கட்டம் இல்லை.

கையுறையைக் கழற்றிவிட்டுக் குழந்தைகள் வார்டுக்கு இறங்கினேன்.
சொன்னேன்.
நம்பினாளா தெரியவில்லை.
"அப்ப முத்தம் குடுக்கலாமா?"
"நெத்தியில குடு."

நாளை மருந்து ஏறும் என்றேன்,
ஒன்று பூச்செடியிலிருந்து எடுத்தது.
சுடுகாட்டு மல்லி என்று வாய்வரை வந்தது.
நித்தியகல்யாணி என்றேன்.

"அந்தச் செடியா?
ஆடுகூடக் கடிக்காதே அத" என்றாள்,
மூன்று நாளில் முதல்முறையாகச் சிரிப்புக்குப் பக்கத்தில்.