தொடுமுன்

கல்லடி மைதானத்தில் கயிறு கட்டி
வளையம் போட்டிருக்கிறது.
பதினொரு நாய்கள். கடற்காற்றில்
எண் அட்டைகள் படபடக்கின்றன.

நடுவருக்குக் கண் பாதி, கை மீதி.
பல்லை எண்ணி, தோள்பட்டை தடவி,
விலா வழியே இறங்கி,
விதை இரண்டும் உண்டா என்றுகூடப் பார்த்தாக வேண்டும்.
முப்பத்தாறு வருஷ விசர், என்பாள் றொசிற்றா.

தொண்ணூற்றாறில் கொழும்பிலே வென்று
ரூபியோடு திரும்பிய இரவு
புணானையில் எல்லாரையும் இறக்கினார்கள்.
மழை பட்டு என் அடையாள அட்டையில்
பேர் கரைந்திருந்தது.
சட்டைப்பைக்குள் ரூபியின் வம்சத்தாள் மட்டும் பத்திரமாய்:
பூட்டன், கொப்பாட்டன் வரைக்கும்
முத்திரை குத்திய பேர்கள்.
சிப்பாய் டோர்ச் அடித்து
அதை நெடுநேரம் பார்த்தான்.
பிறகு கையைத் தூக்கச் சொன்னான்.

தோள். விலா. தொடையிடுக்கு.
நல்ல கைதான் அவனுக்கும்,
ஓரிடமும் விடவில்லை.
நாடியை உயர்த்தி, அசையாமல்,
பாரம் பின்னங்காலில் விழாமல் நின்றேன்.
பெட்டிக்குள்ளிருந்து ரூபி பார்த்தாள்,
அன்று காலை கோப்பை வாங்கியவள்,
என் நிற்பில் குறை பிடிக்கிறவள்போல.

எட்டாம் இலக்கம்,
ஊறணிப் பெடியனின் பொக்ஸர்.
முன்கால் சற்று வெளியே திரும்புது,
இரண்டாம் இடத்துக்கு மேல் போகாது.
அது பிறகு. இப்போது நடுங்குது.
"நேரம் போகுது சேர்," என்கிறார் யூஜின்.
போகட்டும்.
முழங்காலில் இருந்து
புறங்கையை அதன் மூக்கடியில் நீட்டுகிறேன்.
இந்தா மனே,
முதல்ல நீ என்னை
மணந்து பார்.