கிணற்றருகே ஒருவன்

புன்டா அரேனாஸில் காற்று முற்றும் நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்.
படகுத்துறையில் நாளெல்லாம் சீட்டுக் கிழித்துவிட்டு
அந்தக் கயிற்றைப் பிடித்தபடிதான் வீடு வருவேன்.
தலையைக் குனிந்துகொண்டு,
யார் முகமும் பார்க்காமல்.

ஏழு குளிர்காலம்
நான் மட்டுமே நடந்த குகைகள் எனக்கு இருந்தன.
கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு பெட்டி,
வடக்கே ஒரு கோடு, கிழக்கே கேள்விக்குறி.
பித்தளைச் சாவி எந்தப் பூட்டுக்கென்று
மூன்று வாரம் தூக்கம் கெட்டது.
கடைசியில் அது சாவியே இல்லை, ஒரு மணியின் நாக்கு.
அங்கே எனக்கு முன்னால் யாரும் இருமியதில்லை.
பாலத்துப் பூதம் நான் வரும்வரை
தூக்கிய காலைக் கீழே வைக்காது.
எழுந்து ரொட்டி வாங்கப் போனால்
நதி அப்படியே நிற்கும்.
செத்தால், சேமித்த இடத்திலிருந்து மறுபடி.
எவ்வளவு மரியாதை தெரிந்த உலகம்!

அக்கா மகன் துரோயன் வந்து
தொலைபேசிக் கம்பியைக் கணினியின் முதுகில் செருகினான்.
"இதில் ஆட்கள் இருப்பார்கள், சித்தி."
சொல்லிவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடினான்.

ஆட்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?
சந்தைச் சதுக்கம். கிணறு. கிணற்றருகே ஒருவன்.
வழக்கப்படி ஆராய்ந்தேன்: தொப்பி, வெறுங்கால்.
விளக்கைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டான்.
ரொட்டி கொடுத்தேன். நாணயம் கொடுத்தேன்.
செத்த எலியைக்கூடக் கொடுத்துப் பார்த்தேன்.
எந்தக் கதவும் திறக்கவில்லை.
உனக்கு என்னதான் வேண்டும் என்று
அகராதியைப் புரட்டிப் புரட்டித் தட்டினேன்.
வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு வரி:
"மன்னிக்கணும், சூப் பொங்கிவிட்டது, துடைத்துக்கொண்டிருந்தேன்.
எலிக்கு நன்றி."

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினேன்.
அந்தக் கிணற்றுக்குப் பின்னால் எங்கோ
நிஜமாகவே ஓர் அடுப்பு எரிகிறது.

ராவிரி. இன்வர்கார்கில். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை.
எனக்கு மணி பதினொன்று என்றால்
அவனுக்கு நாளை மதியம் மூன்று.
நாளை எப்படி இருக்கிறது என்பேன்.
மழை என்பான்.
ரீகாவிலிருந்து ஒரு பல் டாக்டர் வருவாள், வாள் இருக்கும், எடுக்க மாட்டாள்.
புதையல் கிழக்கே கிடக்கிறது, எல்லாருக்கும் தெரியும்.
பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருப்போம்.
நோட்டில் கடைசியாக நான் வரைந்தது அந்தக் கிணறு.
அதற்குப் பிறகு வெறும் பெயர்கள், அவரவர் ஊர் மணி,
யாருக்கு எந்த வியாழன் அறுவைச் சிகிச்சை.

ஒருநாள் என் விளக்கை
யாரோ புதுப் பையனுக்குக் கொடுத்துவிட்டான்.
அகராதியில் இழிவழக்கு என்று குறித்திருந்த சொல்லைத்
தேடி எடுத்துத் தட்டினேன்.
தட்டிய விரல் தானாகவே
பழைய இடத்துக்குத் திரும்பும் விசையை நோக்கிப் போனது.
அப்படி ஒரு விசை இந்த ஊரில் இல்லை.
திரையில்:
ராவிரி மேற்கே போகிறான்.

நான் இல்லாதபோதும் அங்கே விடிந்தது, சந்தை கூடியது.
அதைத்தான் பொறுக்க முடியவில்லை.
ஒன்பது இரவு கிணற்றருகே போய் நின்றேன்,
பூதம் போல, காலைத் தூக்கியபடி.
யார் வந்தாலும் ஒரே வரி:
அவனைப் பார்த்தால் சொல்லுங்கள், நெவென்கா இங்கேதான் இருக்கிறாள்.
பல் டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.
எதுவும் கேட்கவில்லை.

பத்தாவது இரவு
சந்தைச் சதுக்கம். கிணறு. கிணற்றருகே ஒருவன்.
ஆராய்ந்தேன்: தொப்பி, வெறுங்கால்,
கையில் ஒரு செத்த எலி.
"நாளை வெயில்" என்றான்.

காலையில் வேலைக்குப் போகும்போது அதே காற்று.
கயிற்றைப் பிடித்தேன்.
என் கைக்குள் அது லேசாக இழுபட்டது.
முன்னால் யாரோ பிடித்துக்கொண்டு போகிறார்கள்.
இத்தனை வருடமும் இழுபட்டிருக்கும்.